கொத்துக்குள் கிடந்த மாக்கட்டி

ஒவ்வொரு கலவரம் முடிந்த பிறகும் ஒரு வசனம் வரும். கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளுவதற்கு முன்னரே வந்துவிடும். "என்ன செய்வது, மனிதச் சுபாவம் அப்படித்தான்." தொலைக்காட்சி விவாதத்தில் பேராசிரியர் சொல்வார், பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் சொல்வார், சமாதானக் குழுக் கூட்டத்தில் மதகுருவும் சொல்வார். மனிதர்கள் தங்களைப் போல இல்லாதவர்களைக் கண்டு பயப்படுகிறவர்களாம். பயம் கோபமாகுமாம், கோபம் நெருப்பாகுமாம். மழை பெய்வதைப் போல, ஆறு பெருகுவதைப் போல ஒரு சங்கதி. யாரும் செய்யவில்லை, நடந்துவிட்டது.

இந்த வசனத்தை நான் நம்பவில்லை. பெண்கள் எவரும் நம்பக்கூடாது என்றும் சொல்கிறேன். 'சுபாவம்' என்ற சொல்லை வைத்து எங்களுக்கு என்னென்ன செய்திருக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அடிக்கிற கணவனுக்கு ஆண் சுபாவம், வாய் திறக்காத மனைவிக்குப் பெண் சுபாவம். யாரோ ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டிய இடத்தில் எல்லாம் இந்தச் சொல் வந்து குந்திக்கொள்ளும்.

அம்பாறைக்குப் போவோம். 2018 பெப்ரவரி 26 இரவு. நகரத்தில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. சாப்பிட வந்த சிங்கள இளைஞர்கள் உணவில் ஏதோ வெள்ளைக் கட்டி கிடப்பதைக் காண்கிறார்கள். 'வந்த பெத்தி' போட்டிருக்கிறாய் என்கிறார்கள். மலட்டு மாத்திரை என்று அர்த்தம். சிங்களவரை மலடாக்க முஸ்லிம்கள் சாப்பாட்டில் கலக்கிறார்கள் என்று ஏற்கனவே பல வருடங்களாக ஊதிப் பெருக்கப்பட்ட கதை அது. கடையில் நின்றவருக்குச் சிங்களம் சரியாக வராது. சுற்றி நிற்பவர்கள் அதட்டிக் கேட்கிறார்கள், போட்டாயா, போட்டாயா? பயத்தில், கேள்வி விளங்காமல், ஆம் என்கிறார். அதைக் கைத்தொலைபேசியில் பிடித்துப் பரப்புகிறார்கள். கடையும் பள்ளிவாசலும் உடைக்கப்படுகின்றன. பிறகு அரச பகுப்பாய்வாளர் அந்தக் கட்டியைச் சோதித்தார். மாக்கட்டி. சரியாகக் குழைபடாத கோதுமை மா. கொத்து ரொட்டி சாப்பிட்டுப் பழகிய எவருக்கும் தெரிந்த விஷயம்தான். ஒருவரை நிரந்தரமாக மலடாக்குகிற மாத்திரை என்று ஒன்று மருத்துவத்திலேயே இல்லை என்றும் வைத்தியர்கள் சொன்னார்கள்.

இந்தச் சோதனை முடிவு வருவதற்குள் கண்டியில் திகண, தெல்தெனியப் பக்கம் எரிந்துகொண்டிருந்தது. மார்ச் 6 அவசரகால நிலை பிரகடனமாயிற்று, பேஸ்புக்கை முடக்கினார்கள். பச்சைக் குழந்தையைக் கூட விடாதீர்கள் என்ற அர்த்தத்தில் எழுதப்பட்ட பதிவைப் பற்றி முறைப்பாடு செய்தவர்களுக்கு, எங்கள் விதிகளை இது மீறவில்லை என்று அந்த நிறுவனம் பதில் அனுப்பியிருந்தது. இலங்கையில் தன் பங்குக்கு அது மன்னிப்புக் கேட்க 2020 ஆயிற்று.

இனி நான் கேட்க விரும்பும் கேள்வி. ஏன் மலட்டு மாத்திரை? விஷம் என்று சொல்லியிருக்கலாமே? 14ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கொள்ளைநோய் பரவியபோது யூதர்கள் கிணற்றில் நஞ்சு கலந்தார்கள் என்றுதானே சொன்னார்கள்? 1349இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து யூதர்களை எரித்துவிட்டு, அவர்களிடம் பட்ட கடன்களையும் சேர்த்து அழித்துக்கொண்டார்கள். சுபாவத்துக்குக் கணக்கும் தெரிந்திருக்கிறது பாருங்கள். இங்கே கதை கிணற்றில் இருந்து கருப்பைக்கு வந்துவிட்டது. முஸ்லிம் துணிக்கடையில் கொடுக்கும் டொபியில் மருந்து, அங்கே விற்கும் உள்ளாடையில் மருந்து, கொத்தில் மருந்து. 2012 குடிசன மதிப்பீட்டின்படி நூற்றுக்கு 75 பேர் அளவில் சிங்களவர். முஸ்லிம்கள் பத்துப் பேர் கூட இல்லை. இந்தப் பத்துக்கும் குறைவானவர்கள் அந்த எழுபத்தைந்தை விழுங்கிவிடுவார்கள் என்று நம்பவைக்க வேண்டுமென்றால், இன்றைய எண்ணிக்கை உதவாது. நாளைய எண்ணிக்கை வேண்டும். நாளைய எண்ணிக்கையைப் பெற்றுத் தருகிறவள் பெண். ஆகவே அவளுடைய வயிறு எல்லைக்கோடாகிறது. எல்லைக்கோட்டிடம் யாராவது அபிப்பிராயம் கேட்பார்களா?

இதே கதை அடுத்த வருடம் குருநாகலில் முழு உருவம் எடுத்தது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். செய்தவர்கள் யார் என்பது தெரியும். எச்சரிக்கை முன்கூட்டியே கையில் இருந்தும் அசையாமல் இருந்தவர்கள் யார் என்பதும் தெரிய வந்தது. பதில் சொல்ல வேண்டியவர்கள் மேலே இருந்தார்கள். ஆனால் கோபம் கீழே திருப்பப்பட்டது. மே 23 அன்று ஒரு சிங்கள நாளேட்டின் முதற் பக்கம், ஒரு முஸ்லிம் வைத்தியர் 4,000 சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்துவிட்டார் என்றது. ஓரிரு நாட்களில் குருநாகல் போதனா வைத்தியசாலையைச் சேர்ந்த டொக்டர் ஷாபி சிஹாப்தீன் கைதானார். சீசர் செய்யும்போது பலோப்பியன் குழாய்களை நசுக்கிவிடுகிறார் என்பது குற்றச்சாட்டு. சத்திரசிகிச்சைக் கூடத்தில் ஒருவர் தனியாக நின்று சீசர் செய்வதில்லை. மயக்க மருந்து கொடுப்பவர், உதவி வைத்தியர், தாதிமார் என்று நிற்பார்கள். அத்தனை பேருடைய கண்ணையும் கட்டிவிட்டு 4,000 தடவை என்றால், அவர் வைத்தியர் அல்ல, மந்திரவாதி. ஒரு பௌத்த உயர்பீடத்தின் தலைவர், அவரைக் கல்லெறிந்து கொல்ல வேண்டும் என்று சில பக்தைகள் சொன்னதை மேடையில் எடுத்துச் சொல்லி, அதுவே செய்யத் தக்கது என்ற கருத்தில் பேசினார். முஸ்லிம் கடைகளில் சாப்பிட வேண்டாம், சாப்பிட்டவர்களுக்குப் பிள்ளை பிறக்காது என்ற தொனியிலும் பேசினார். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் ஆதாரம் எதுவும் இல்லை என்று நீதிமன்றத்துக்குச் சொன்னது. ஜூலையில் பிணை கிடைத்தது. ஆனால் வேலை திரும்பக் கிடைக்க வருடங்கள் சென்றன. நிலுவைச் சம்பளம் கைக்கு வந்த 2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு; அந்தப் பணத்தை அவர் மருந்து வாங்கவென்று கொடுத்துவிட்டார்.

வைத்தியரைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். நான் நிற்க விரும்புவது வரிசையில் நின்ற பெண்களிடம். செய்தி வந்த பிறகு நூற்றுக்கணக்கான பெண்கள் முறைப்பாடு கொடுக்க வந்தார்கள். இவர்கள் எல்லோரும் இனவாதிகள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அப்படியே சொன்னவர்களும் உண்டு, அதிலும் கொழும்பின் படித்த வட்டாரங்களில். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. முதற் பிள்ளைக்குப் பிறகு இரண்டாவது தங்காத ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். மாமியார் கேட்பார், கோயிலடியில் கேட்பார்கள், கலியாண வீட்டில் கேட்பார்கள். எந்த மொழியில் கேட்டாலும் குற்றம் அவளுடையது. 'மலடி' என்ற சொல் தமிழில் எவ்வளவு கூர்மையானதோ சிங்களத்திலும் அவ்வளவு கூர்மையானது. சுபகாரியங்களில் பின்னால் நிறுத்தப்படுகிறவள் அவள். குடும்பத்தின் எல்லாக் குறைகளையும் அவள் தலையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஊரின் பாவத்தையெல்லாம் ஒரு ஆட்டின் தலையில் ஏற்றி வனாந்தரத்துக்கு ஓட்டிவிடுகிற பழைய விவிலியச் சடங்கு ஒன்று உண்டே, அந்த ஆடு ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஏற்கனவே இருக்கிறது. அப்படிப்பட்டவளிடம் முதன்முறையாக யாரோ வந்து சொல்கிறார்கள்: பிழை உன்னுடையது இல்லை, அந்த முஸ்லிம் டொக்டர் செய்தது. எவ்வளவு பெரிய விடுதலை! அவள் ஏன் வரிசைக்குப் போகமாட்டாள்?

கணவர்மாரைச் சோதித்தீர்களா என்று எந்தத் தலைப்புச் செய்தியும் கேட்கவில்லை. பிள்ளை இல்லாமைக்குக் கிட்டத்தட்ட பாதிச் சந்தர்ப்பங்களில் ஆண் பக்கமும் காரணமாகிறது என்பது வைத்திய மாணவர்கள் முதல் வருடங்களிலேயே படிக்கிற விஷயம். அதைச் சொல்லியிருந்தால் முழுக் கதையும் குலைந்திருக்கும். ஆணின் மானம், இனத்தின் மானம் இரண்டையும் ஒரே நேரத்தில் காப்பாற்றுவதற்கு மூன்றாவது ஆள் ஒருவர் தேவைப்பட்டார். சிறுபான்மை அதற்குத்தான் பயன்படுகிறது. வீட்டுக்குள் பெண்ணின் தலையில் இருந்த சுமையை வெளியே இன்னொருவர் தலைக்கு மாற்றிவிட்டு, அவளை நன்றியோடு கொடி பிடிக்க வைப்பது.

அவர்களுக்கு உண்மையில் பெண்களின் கருப்பைமீதுதான் அக்கறை என்றால், கோபப்பட எத்தனையோ சந்தர்ப்பங்கள் இருந்தன. 1980களில் இந்த நாட்டு அரசு கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்கிறவர்களுக்குப் பணம் கொடுத்தது. ஒரு கட்டத்தில் 500 ரூபா. அன்றைய தோட்டத்துப் பெண்ணுக்கு அது எத்தனை நாட்களின் கொழுந்துச் சம்பளம் என்று கணக்குப் பாருங்கள். மலையகத் தமிழ்ப் பெண்களிடம் அந்தப் பணமும் தோட்ட நிர்வாகத்தின் நெருக்குதலும் சேர்ந்து என்ன செய்தன என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். எந்தக் கடையும் எரியவில்லை. 2013 ஓகஸ்ட்டில் கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களில் பிள்ளைகளின் நிறை பார்க்கவென்று அழைக்கப்பட்ட தாய்மாருக்கு, கையின் தோலுக்கடியில் வைக்கும் கருத்தடைக் குச்சியை ஏற்கும்படி நெருக்குதல் கொடுக்கப்பட்டதாக மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. தெற்கு அதைக் கண்டுகொள்ளவில்லை. எங்கள் பக்கம் எழுந்த குரல்களும் பெரும்பாலும் தமிழினத்தின் எண்ணிக்கையைப் பற்றித்தான் பேசின. அந்தப் பெண்களிடம் யார் சம்மதம் கேட்டார்கள் என்பது இரண்டாம் பட்சமாயிற்று. கடல் தாண்டினாலும் இதே கதைதான். 2014 நவம்பரில் இந்தியாவின் பிலாஸ்பூர் அருகே ஒரு அரச முகாமில் சில மணித்தியாலங்களுக்குள் 83 பெண்களுக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்தார்கள். 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் ஏழைகள், ஒடுக்கப்பட்ட சாதியினர், பழங்குடியினர். 'இந்துப் பெண்களின் கருப்பை' என்று அங்கே எந்தச் சேனையும் தெருவில் இறங்கவில்லை. கலகக்காரர்களின் சுபாவம் ஆளைப் பார்த்துத்தான் கொதிக்கிறது.

சரி, விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்பார்கள். பல்கலைக்கழக மாணவிகளுக்கு இது கட்டாயம் சொல்லித்தரப்பட்டிருக்கும். 1954இல் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் முசாபர் ஷெரீப் என்ற உளவியலாளர் 22 பையன்களை ஒரு முகாமுக்குக் கொண்டுபோய் இரண்டு குழுவாகப் பிரித்தார். போட்டி வைத்தார், பரிசு வைத்தார், சில நாட்களுக்குள் ஒரு குழு மற்றதை வெறுத்துக் கொடியை எரித்தது. பார்த்தீர்களா, மனிதச் சுபாவம்! பாடப்புத்தகங்கள் அதிகம் சொல்லாத விஷயம், அதற்கு முந்தின வருடம் நியூயோர்க் மாநிலத்தில் அவர் நடத்திய முகாம். அங்கே ஊழியர்களே பையன்களின் பொருட்களைக் குலைத்துவிட்டு, பழி மற்றக் குழுமேல் விழட்டும் என்று பார்த்திருந்தார்கள். விழவில்லை. பையன்கள் யோசித்தார்கள், ஒருவரோடு ஒருவர் பேசினார்கள், பெரியவர்கள்தான் ஏதோ செய்கிறார்கள் என்று கண்டுபிடித்தார்கள். ஆய்வை இடையில் நிறுத்திவிட்டார்கள். பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு விளங்கியது எங்கள் பேராசிரியர்களுக்கு விளங்கவில்லை. அது கிடக்க, வெள்ளைக்காரப் பையன்கள் 22 பேரை வைத்து 'மனித' சுபாவம் என்று பெயர் வைத்த துணிச்சலையும் கொஞ்சம் கவனியுங்கள்.

ஹென்றி தாஜ்பெலின் ஆய்வையும் காட்டுவார்கள். தாஜ்பெல் போலந்து யூதர், நாஜிகளிடம் தன் குடும்பத்தைப் பறிகொடுத்தவர். பிரிஸ்டலில் பள்ளிப் பையன்களை, உனக்குப் பிடித்தது இந்த ஓவியர், உனக்கு அந்த ஓவியர் என்று அற்பக் காரணத்துக்குப் பிரித்தாலே தங்கள் குழுவுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் புள்ளி கொடுக்கிறார்கள் என்று அவர் கண்டார். நான் மறுக்கவில்லை. தன் பக்கத்துக்கு இரண்டு புள்ளி கூடப் போடுகிற சின்னத்தனம் எல்லோரிடமும் இருக்கலாம். ஆனால் இரண்டு புள்ளிக்கும் எரிகிற வீட்டுக்கும் இடையில் நீண்ட தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தை யாரோ நடந்து கடக்க வேண்டும். பெற்றோல் வாங்க வேண்டும், லொறி பிடிக்க வேண்டும், பொலிஸ் வேறு பக்கம் பார்க்க வேண்டும், முதற் பக்கத்தில் இடம் ஒதுக்க வேண்டும்.

தமிழர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. 1983 ஜூலையில் கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழ் வீடுகளைத் தேடித் தேடி எரித்தார்கள். சிங்கள மக்களின் மனத்தாங்கல் வெடித்தது என்ற பாணியில் ஜனாதிபதி ஜே.ஆர். தொலைக்காட்சியில் பேசினார். நாங்கள் நாற்பது வருடமாகச் சொல்லி வருகிறோம்: அது இயல்பான வெடிப்பு இல்லை, பட்டியல் இருந்தது. சரியாகத்தான் சொல்கிறோம். அதே வாய், 1990 ஒக்டோபர் 30 பற்றிக் கேட்டால் என்ன சொல்கிறது? யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குப் புலிகள் கொடுத்தது இரண்டு மணித்தியாலம். ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கம் கூட்டி, ஒலிபெருக்கியில் அறிவித்து, வெளியேறும் வழியில் மறித்துச் சோதித்து, பெண்களின் காதில் கிடந்த தோடு வரை கழற்றி வாங்கினார்கள். வடக்கு முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர். "அப்போது நிலைமை அப்படி." "காட்டிக்கொடுத்தார்கள் என்ற பயம்." இந்த இடத்தில் மட்டும் எங்களுக்கும் சுபாவமும் சூழ்நிலையும் ஞாபகம் வருகிறது. தோடு கழற்றுவது எந்தச் சூழ்நிலையின் கட்டாயம்? இன்னும் பின்னால் போனால் 1915. கண்டியில் தொடங்கிய கலவரத்தில் முஸ்லிம் கடைகள் சூறையாடப்பட்டன. யுத்தகால விலையேற்றத்தின் பழியைக் கடைக்காரர் சுமந்தார். அப்போது சட்டசபையில் கைதான சிங்களத் தலைவர்களுக்காக வாதாடியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். அவர் சவாரி செய்த வண்டியை மனிதர்களே இழுத்துப் போனார்கள் என்று பெருமையாக எழுதி வைத்திருக்கிறோம். கடை இழந்தவர்களின் வீட்டுப் பெண்கள் அந்த வருடத்தை எப்படிச் சாப்பிட்டுக் கழித்தார்கள் என்று எழுதி வைக்கவில்லை.

பெண்கள் இயல்பாகவே சமாதானப் பிரியர்கள் என்று இந்த இடத்தில் சிலர் ஆறுதல் சொல்ல வருவார்கள். வேண்டாம், அதுவும் சுபாவக் கதைதான். திருகோணமலையில் 2018 ஏப்ரலில் ஒரு தமிழ் மகளிர் கல்லூரிக்கு முன்னால், முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வரக்கூடாது என்று பதாகை பிடித்து நின்றவர்களில் தாய்மாரும் இருந்தார்கள். சேலைதான் பண்பாடு என்றார்கள். தமிழ்ப் பெண் எதை உடுத்த வேண்டும் என்று இயக்கங்கள் துண்டுப்பிரசுரம் ஒட்டிய காலத்தைக் கண்டவர்களும் அந்த ஊரில்தான் இருக்கிறார்கள். அடுத்த ஏப்ரலில் அரசே முகத்திரையைத் தடை செய்ததும், தடை செய்யப்படாத அபாயாவுக்காகவும் தலைத்துணிக்காகவும் பெண்களை வைத்தியசாலை வாசலிலும் பாடசாலை வாசலிலும் காரியாலய வாசலிலும் மறித்தார்கள். ஹசலகவில் ஒரு பெண் சட்டையில் கப்பற் சக்கரப் படம் போட்டிருந்தார். தர்மச்சக்கரம் என்று சொல்லிப் பிடித்துப் போய் விளக்கமறியலில் வைத்தார்கள். குண்டு வைத்தவர்களோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத பெண்கள்தான் தெருவில் கண்ணுக்குத் தெரிந்தார்கள். ஆண்கள் தாடியை எடுத்துவிட்டு வேலைக்குப் போகலாம்.

அதே வாரங்களில்தான் திடீரென்று எல்லோருக்கும் முஸ்லிம் பெண்கள்மேல் பரிவு பொங்கியது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தை மாற்ற வேண்டும் என்று பாராளுமன்றத்தில் முழங்கினார்கள். முஸ்லிம் பெண்கள் அதைப் பல பத்தாண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். மணப்பெண் தன் கலியாணப் பதிவில் தானே கையெழுத்திட வேண்டும், பெண்ணும் காதி நீதவானாக வேண்டும், பதினெட்டு வயதுக்கு முன் கலியாணம் கூடாது என்று கேட்டவர்களை அவர்களின் ஊர்களிலேயே மிரட்டினார்கள். 2009இல் நியமித்த குழு அறிக்கை கொடுக்க 2018 ஆயிற்று. அந்த ஒன்பது வருடமும் இந்தப் பரிவுக்காரர்கள் எங்கே இருந்தார்கள்? கடைகள் எரிந்த பிறகு வந்த பரிவு அந்தப் பெண்களுக்கு உதவவில்லை, கழுத்தைத்தான் நெரித்தது. இந்த நேரத்தில் எங்கள் குறையை வெளியில் பேசுகிறாயா, எதிரிக்குக் கத்தி கொடுக்கிறாயா என்று கேட்க வீட்டு ஆண்களுக்கு இப்போது ஒரு நியாயமும் கிடைத்துவிட்டது. வெளியே பழி சுமத்தப்படுகிற சமூகம் உள்ளே பெண்களின் வாயை இன்னும் இறுக்கி மூடும். 80களிலும் 90களிலும் யாழ்ப்பாணத்தில் சீதனத்தைப் பற்றியும் சாதியைப் பற்றியும் பேசிய பெண்களிடம், விடுதலை கிடைக்கட்டும், பிறகு பார்ப்போம் என்று சொன்னார்களே, அதன் மறுபதிப்புத்தான் இது.

ஆகவே முஸ்லிம் தோழிகள் இந்தச் சட்டத்தைப் பற்றிக் கூட்டம் போட்டால், தமிழ்ப் பெண்கள் அமைப்புகள் மேடையில் ஏறி அவர்களுடைய மதத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டாம். கதிரை அடுக்கலாம். பக்கத்தில் தேசவழமைச் சட்டத்தையும் ஒரு கூட்டத்தில் எடுக்கலாம். அந்தச் சட்டத்தின் கீழ் மணமான தமிழ்ப் பெண் தன் பெயரில் இருக்கும் காணியை விற்கக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் கேட்க வேண்டியிருக்கிறது. அதை மாற்றக் கேட்கும்போது எங்கள் ஆண்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போம்.